வெட்டி எறிந்த மழை

உண்மைக் கதை எடுக்கிறவர்களைப் போலப் பொய் சொல்லுகிறவர்களை நான் வேறு எந்தத் தொழிலிலும் பார்த்ததில்லை. வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை. பதினைந்து வருஷம் அந்தத் தொழிலில் சோறு தின்றவன் சொல்கிறேன். கற்பனைக் கதை எடுக்கிறவன் பாவம், தலையைச் சொறிந்து எதையாவது யோசித்தாக வேண்டும். எங்களுக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. அடுத்தவன் வீட்டில் நடந்ததை அள்ளிக்கொண்டு வருவோம். வேண்டாத பக்கத்தை நறுக்கிவிடுவோம். தலைப்புக்குக் கீழே 'உண்மைச் சம்பவம்' என்று ஓர் அட்டையைப் போடுவோம். அந்த அட்டையைப் பார்த்ததுமே விருது கொடுக்கிறவர்களுக்குக் கண் கலங்கிவிடும்.

நான் அருப்புக்கோட்டைக்காரன். எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னைக்குப் போய், டாகுமெண்டரிப் படம் எடுக்கும் ஒரு டைரக்டரிடம் உதவியாளனாகச் சேர்ந்தேன். அவர் சென்னையிலேயே பிறந்து, சென்னையிலேயே இங்கிலீஷில் படித்தவர். கதர் ஜிப்பா, தோளில் ஜோல்னாப் பை, முகத்தில் எப்போதும் ஓர் எழவு வீட்டுக் களை. ஏழைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் குரல் தழுதழுத்துப்போகும். அதே ஏழை ஒரு தம்ளர் டீயை நீட்டினால் "வயிறு சரியில்லைங்க" என்பார். அவருக்கென்று தனியாக வேனுக்குள் ஒரு பிளாஸ்க் இருந்தது. மனிதர் அதைத் திறக்கும்போதுகூட முகத்தைச் சோகமாகத்தான் வைத்திருப்பார்.

டைட்டிலில் என் வேலைக்கு 'கள ஒருங்கிணைப்பு' என்று பெயர் போடுவார்கள். உண்மையான வேலை, ஆட்களைச் சம்மதிக்க வைப்பது. அதற்கு என்னிடம் ஒரு வித்தை இருந்தது. ஊர்ப் பெரியவரிடம் போய், பெண்கள் எல்லாம் சம்மதித்துவிட்டார்கள் என்பேன். பெண்களிடம் போய், பெரியவர் சம்மதித்துவிட்டார் என்பேன். இரண்டு பேரும் மற்றவர் சொன்னதாக நினைத்துத் தலையாட்டுவார்கள். கல்யாணத் தரகர்கள் காலம் காலமாகச் செய்கிற வேலைதான். அவர்களாவது பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாழ்த்திவிட்டுப் போவார்கள். நாங்கள் கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு போய்விடுவோம்.

டைரக்டர் வறட்சியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார். நான் திருச்சுழிக்குக் கிழக்கே ஓர் ஊரைச் சொன்னேன். என் அம்மா பிறந்த ஊருக்கு அடுத்த ஊர் அது, அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும். பங்குனி மாதத்தில் போய் இறங்கினோம். 'பங்குனி மாசம் பகல்வழி நடந்தவன் பெரும்பாவி' என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நாங்கள் நடக்கக்கூட இல்லை, வேனில் போனோம். அப்படியும் பாவம் ஒட்டிக்கொண்டது.

கரிசல் காட்டைப் பார்த்ததும் டைரக்டர் அப்படியே குப்புறப் படுத்துவிட்டார். நிலம் பாளம் பாளமாக வெடித்திருந்ததல்லவா, அந்த வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்து "எவ்வளவு தாகம் பாருய்யா இந்த மண்ணுக்கு" என்றார். பக்கத்தில் நின்ற, அந்தக் காட்டில் பாடுபடுகிற சம்சாரி ஒருவர் குழம்பிப்போய், "கோடையில கரிசல் வெடிக்கத்தான் செய்யும் சார். இந்த வருசம் நல்ல மழ. வெள்ளாமைக்கு ஒண்ணும் கொறையில்ல" என்றார். அதை டைரக்டர் காதில் வாங்கவே இல்லை. சம்சாரியின் காலைக் காட்டி, "அந்தப் பாத வெடிப்பையும் ஒரு குளோசப் எடுத்துக்குங்க" என்றார்.

நிஜத்தில் அந்த வருஷம் ஊர்க் களமெல்லாம் சிவப்பு. பழுத்த மிளகாயைப் பறித்து வத்தலுக்குக் காயப்போட்டிருந்தார்கள். பருத்தியும் வெடித்து வெள்ளையாக நின்றது. கேமராமேன் ஆசைப்பட்டுக் களத்தை எடுக்கப் போனார். "வேண்டாம், செழிப்பாத் தெரியுது" என்று டைரக்டர் தடுத்துவிட்டார்.

அவருக்குக் கொடும்பாவி வேண்டும். யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். மழை பொய்த்துப்போன வருஷத்தில் எங்கள் பக்கம் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். வைக்கோலில் ஒரு பெண் உருவம் செய்து, பழைய சேலை சுற்றி, தலைக்கு ஒரு சட்டியை வைப்பார்கள். மழையைத் தடுத்துவைத்திருக்கும் பெரும்பாவி அவள்தான். அவளைக் கயிற்றில் கட்டித் தெருத் தெருவாக இழுத்துப் போக, பின்னால் பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். எல்லையில் கொண்டுபோய்க் கொளுத்துவார்கள். அந்த அழுகையைக் கேட்டு வானம் இரங்கிவிடும் என்பது நம்பிக்கை. களத்தில் மிளகாய் காயும்போது எந்தக் கிறுக்கனும் அதைச் செய்ய மாட்டான்.

அந்த ஊரில் ஒப்பாரிக்கு முன்குரல் கொடுக்கிற அக்கா ஒருவர் இருந்தார். அப்போது நாற்பது வயதிருக்கும். எந்த வீட்டில் எழவு விழுந்தாலும் முதல் சேதி அவருக்குத்தான் போகும். அவர் வாயெடுத்தால்தான் மற்றப் பெண்களுக்கு அழுகை கூடும். நான் போனபோது களத்தில் மிளகாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, வெளாடுறீகளா?" என்றார். "களத்துல மொளகா கெடக்குது. இப்பப் போயி மழயக் கூப்புடச் சொல்றீக. வந்துட்டா?"

"சும்மா நடிப்புதான்க்கா. பொய்யா அழுதா மழை வருமா?"

"அழுகையில பொய்யென்ன, நெசமென்ன? வாயத் தெறந்தா எனக்கு வந்துரும் தம்பி."

அப்போது என் வித்தையை எடுத்து விட்டேன். "பெரியவுக சம்மதிச்சுட்டாகக்கா. நீங்க முன்னால நின்னாத்தான் நல்லாருக்கும்னு அவுகதான் சொல்லிவிட்டாக."

"பெரியவுக சொல்லிட்டாகளா? அப்பச் சரி" என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

அங்கிருந்து நேராகப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். "அந்தக்கா தானா வந்து செய்யிறேன்னு நிக்கிறாகய்யா. ஒரே பிடிவாதம்" என்றேன். பெரியவர் தாடையைத் தடவினார். "வேள கெட்ட வேளையில இது என்னத்துக்கு? சரி, பொம்பளைக ஆசப்பட்டா நான் குறுக்க நிக்கல" என்றார். காரியம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. டைரக்டர் என் தோளில் தட்டி, "மக்கள்கிட்ட எப்படியா இவ்வளவு நெருக்கமா இருக்கே!" என்று வியந்தார்.

அக்கா நிஜமாகவே அழுதார். நடிப்பாவது மண்ணாவது! கேமராமேன் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கேமராவை ஓட்டினார். ஆனால் டைரக்டருக்கு மூன்று டேக் வேண்டும். கொளுத்தியதில் தீ சரியாக விழவில்லை என்று இன்னொரு உருவம் கட்டச் சொல்லி, இன்னொரு தடவை கொளுத்தவைத்தார். ஒரே நாளில் கொடும்பாவியை இரண்டு முறை எரித்த ஊர் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

மூன்றாம் நாள் மத்தியானம் மேற்கே கறுத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வானம் பொத்துக்கொண்டது. ரெண்டு நாள் விடாத மழை. ஊரே சாக்கையும் பாயையும் தூக்கிக்கொண்டு களத்துக்கு ஓடியது. பெண்கள் முந்தானையில் மிளகாயை அள்ளி அள்ளிக் கொண்டுபோனார்கள், அக்காவும்தான். அள்ளியது கொஞ்சம், மிதந்து போனது மிச்சம். கேமராமேன் மட்டும் யாரையும் கேட்காமல் ஒரு ரீல் எடுத்துவிட்டார். டைரக்டர் குடைக்குள் இருந்து கத்தினார். "யோவ், பிலிம வேஸ்ட் பண்ணாத. நம்ம படத்துல மழை கிடையாது!"

மழை வெறித்த அன்று சாயந்திரம் ஊர் மந்தையில் கூடியது. பெரியவர், அந்தப் பெண் பிடிவாதமாக நின்று செய்தது என்றார். அக்கா, பெரியவர் சொல்லிவிட்டதாகச் சொன்னார். "நான் எப்பச் சொன்னேன்?" என்று பெரியவர் சீறினார். அவர் சீறியதும் நியாயம்தான். வெளுத்துப்போன மிளகாயைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிற ஊருக்கு பழி சுமத்த யாராவது ஒரு ஆள் வேண்டும். ஊரைக் கேட்காமல் வேளை கெட்ட வேளையில் கொடும்பாவி எடுத்தவள் இனி எந்த எழவிலும் வாய் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள்.

இது என்ன பெரிய தண்டனை என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். அந்தப் பக்கத்தில் ஒப்பாரியில் ஒரு பெண் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். கட்டினவன் அடித்தது, கொழுந்தன் காட்டைப் பிடுங்கிக்கொண்டது, எல்லாவற்றையும் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து பாடிவிடலாம். பாதியில் நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பாடிய சொல்லுக்குப் பஞ்சாயத்தும் கிடையாது. ஒப்பாரியில் பொய் சொன்னால் நாக்கு அழுகும் என்பதால், சொன்னதை எல்லோரும் நம்புவார்கள். மற்ற நேரத்தில் பெண் பேச்சை மதிக்காத மீசைக்காரன்கூட அப்போது தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். அந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு இருந்த ஒரே கோர்ட்டு அதுதான். அக்காவுக்கு அந்தக் கதவை அடைத்துவிட்டார்கள். அடைத்தவன் நான்.

மறுநாள் காலையில் வேன் கிளம்பும்போது அக்கா வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, பெரியவுக சம்மதம்னு நீங்கதான சொன்னீக? வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

பெரியவர் வீடு ஐம்பது தப்படியில் இருந்தது. வாசலில் அழுகிய மிளகாய்ச் சாக்கும் நாலைந்து ஆம்பளைகளும். உள்ளதை ஒப்புக்கொண்டிருந்தால் அதிகம் போனால் ரெண்டு அறை விழுந்திருக்கும். அந்த ரெண்டு அறைக்குப் பயந்துதான் அக்காவின் வாயை அடகு வைத்தேன்.

"படத்துலயே சொல்லிர்றேன்க்கா" என்றேன். "ஊரு பூராம் பாக்குமே."

அக்கா யோசித்தார். "அதுஞ்சரிதான். நான் சொன்னா நம்ப மாட்டாக. படத்துல சொன்னா நம்புவாக. மறந்துராதீக தம்பி."

நான் மறக்கவில்லை. மறந்திருந்தால்கூட மன்னிக்கலாம். நன்றாக நினைவு வைத்துக்கொண்டுதான் சென்னையில் உட்கார்ந்து படத்துக்குப் பின்னணி உரை எழுதினேன். 'ஊரே அழுதது. வானம் இரங்கவில்லை.' என் சொந்த எழுத்து. கேமராமேன் எடுத்த மழை ரீலை எடிட்டர் தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தேன். அக்காவின் விஷயத்தை ஒரு தடவை டைரக்டரிடம் எடுத்தேன். "நாம கேட்டுத்தான் செஞ்சாங்கன்னு சொன்னா, படத்தோட உண்மைத்தன்மை போயிடும்யா" என்றார். உண்மையைச் சொன்னால் உண்மைத்தன்மை போய்விடுமாம். வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன். படத்துக்கு விருது வந்தது. மேடையில் டைரக்டர் தழுதழுத்தார்.

டிவியில் அந்தப் படம் வந்தபோது ஊரே பஞ்சாயத்து டிவி ரூமில் கூடியிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். "ஏலே, மழையே பெய்யலங்கிறான்டா!" என்று மிளகாயைத் தொலைத்தவர்கள் சிரியோ சிரியென்று சிரித்திருக்கிறார்கள். அக்கா மட்டும் சிரிக்காமல், அந்த ஒரு வார்த்தை வருமா வருமா என்று கடைசிப் பெயர் ஓடுகிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்.

பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. தொண்ணூறுகளில் புதுப் புது டிவிகள் வந்தன. டைரக்டரும் டாகுமெண்டரியை விட்டுவிட்டு, உண்மைச் சம்பவங்களை நாடகமாக எடுக்கத் தொடங்கினார். நான் அதற்குக் கதை வசனம் எழுதுகிறவனாக உயர்ந்திருந்தேன். உயர்வாவது! முன்பு நேரில் சொன்ன பொய்யை இப்போது உட்கார்ந்து எழுதினேன். ஒருநாள் அவர், "அந்தக் கொடும்பாவி லேடி ஞாபகம் இருக்கா? அதையே நாடகமா பண்ணுவோம். கடைசியில அழுதழுது செத்துடறா, உடனே மழை கொட்டுது" என்றார். நிஜத்தில் பெய்த மழையை வெட்டி எறிந்தவர், இப்போது பெய்யாத மழையைக் கொட்டவைக்கப் போகிறார். நான் எழுதிக் கொடுத்தேன்.

நடிகைக்கு அழுகை வரவில்லை. கண்ணுக்குக் கிளிசரின் இருக்கிறது, குரலுக்கு என்ன செய்வது? "அந்த லேடியையே அழச் சொல்லி ஒலிப்பதிவு பண்ணிடலாம்" என்றார் டைரக்டர். மறுபடியும் அதே ஊருக்குப் போனோம். இந்தத் தடவை நிஜமான வறட்சி. கம்மாய் காய்ந்து, குடிதண்ணீருக்கே லாரி வர வேண்டியிருந்தது. டைரக்டருக்கு அது பிடிக்கவில்லை. வெயில் கண்ணைக் கூசுகிறது என்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார்.

அக்காவின் தலையில் பாதி நரைத்திருந்தது. என்னை உட்காரச் சொல்லவில்லை.

"இத்தன வருசமா எங்காத்தா செத்ததுக்குக்கூட ஊமையா ஒக்காந்திருந்தேன் தம்பி. வாயில முந்தானைய வச்சு அடைச்சுக்கிட்டு" என்றார்.

தரையைப் பார்த்துக்கொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"வாரேன்" என்றார். "ஆனா பெரியவுக சம்மதத்த நீங்க சொல்லக் கூடாது. அவுகளே வந்து என் கண்ணு முன்னால சொல்லணும். நான் அழுது முடிக்கிற வரைக்கும் எந்திரிக்காம அங்கனயே இருக்கணும்."

பெரியவர் மறுப்பார் என்று நினைத்தேன். அவரோ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார். பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த வருஷம் ஊர் நிஜமாகவே ரெண்டு தடவை கொடும்பாவி இழுத்திருக்கிறது. ஒரு பொட்டு மழை இல்லை. அக்கா வாய் திறந்தால் மழை வரும் என்று ஊருக்குள் பேச்சு. தடையை எடுக்கவோ கௌரவம் இடம் கொடுக்கவில்லை. "படத்துக்குன்னா தட இல்லப்பா" என்றார் பெரியவர். பாருங்கள், பொய் சொல்லுவதில் எங்களுக்கு மட்டும்தான் பட்டம் என்று நினைத்திருந்தேன்.

படப்பிடிப்பு அன்று மழைக்காக ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது. லாரியைப் பார்த்ததும் ஊர்ப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து வரிசை போட்டுவிட்டார்கள். "இது குடிக்க இல்லம்மா, மழைக்கு!" என்று எங்கள் ஆள் அவர்களை விரட்டினான். நான் எழுதிய மழைதான் அது. எந்த முகத்தோடு அவர்களைப் பார்ப்பது? வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

வைக்கோல் உருவம் கிடத்தப்பட்டது. பெரியவர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து, அக்காவின் முகத்துக்கு நேராக "அழு தாயி, எனக்குச் சம்மதம்" என்றார். மைக்கை அக்கா பக்கத்தில் வைத்தார்கள். டைரக்டர் என்னை வேன் ஓரத்துக்குக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அக்கா கூந்தலை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார். அத்தனை வருஷம் அடைத்துவைத்திருந்த குரல் அது. எடுத்த எடுப்பில் ஊர் அடங்கிவிட்டது.

வைக்கோலு பாவி ஒன்ன
வையச் சொல்லிக் கூப்புட்டாக!
வைய வேண்டும் பாவிமகன்
வண்டியோரம் நிக்கிறானே!
பெரியவுக சம்மதம்னு
பொய்யச் சொல்லிக் கூட்டி வந்தான்!
ஊருக்கொரு சொல்லுச் சொன்னான்,
ஒத்தையில எனக்கு ஒண்ணு!
ரெண்டு சொல்லும் கேட்ட வானம்
ரெண்டு நாளாக் கொட்டுச்சே!
களத்து மொளகா வெளுக்கயில
கள்ளன் வேனேறிப் போனானே!

பெரியவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஊரும் பார்த்தது. டைரக்டர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கி, "பிரமாதம்யா! ஆனா இழுத்து இழுத்துப் பாடறதுல ஒண்ணும் புரியல. வானம், கொட்டுச்சேன்னு வருதே, என்ன சொல்றாங்க?" என்று கிசுகிசுத்தார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே "கட்" சொல்லியிருப்பார். பதினைந்து வருஷத்துப் பழக்கம் கைகொடுத்தது.

"மழையக் கூப்புடுறாங்க சார்" என்றேன்.

"அப்படியே வச்சுக்கலாம். ஒரு சொல்லைக்கூட வெட்டாதீங்க."

அக்கா பாடி முடித்து மூக்கைச் சிந்தினார். பெரியவர் எழுந்து வந்தார். அறைவார் என்று நின்றேன், அறையவில்லை. என்னை ஒரு மனிதனாக மதித்து அறைகிற அளவுக்குக்கூட நினைக்கவில்லை போல. என்னைத் தாண்டிப் போய் அக்காவிடம், "தப்புத்தான் தாயி. இனிமே எந்த வீட்டுல எழவுன்னாலும் ஒனக்குத்தான் மொதச் சேதி" என்றார். அக்கா கூந்தலை முடிந்துகொண்டு, தண்ணீர் லாரியில் நின்றவனைப் பார்த்து, "மழை அப்புறம் பெய்யட்டும். மொதல்ல அந்தக் குடத்தயெல்லாம் நெறப்புலே" என்று அதட்டினார். அவன் குழாயைத் திறந்துவிட்டு நிரப்பினான். லாரியில் மிஞ்சிய தண்ணீரில் எங்கள் டைரக்டரின் மழை தூறலாகத்தான் விழுந்தது.

நாடகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் வந்தது. அப்போது நான் அருப்புக்கோட்டையில் வீட்டில் இருந்தேன். கடைசிக் காட்சியில் நடிகை வாயசைக்க, அக்காவின் குரல் வந்தது. டைரக்டர் பின்னணி இசையைக்கூட நிறுத்தியிருந்தார். என் மனைவி பக்கத்து ஊரான பாலவனத்தத்துக்காரி, அந்த ஒப்பாரிக்கு அவளுக்கு உரை வேண்டியதில்லை. அரிவாள்மணையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுக் கடைசி வரி வரை கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, இது ஒங்களத்தான வையுது?"

"ஆமா."

"நெசமா நடந்ததா?"

"இந்த நாடகத்துல அது ஒண்ணுதான் நெசம்" என்றேன்.

அவள் காயைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். டிவியில் 'உண்மைச் சம்பவம்' என்ற அட்டை மறுபடியும் வந்தது. அதற்குக் கீழே பெரிய எழுத்தில் என் பெயர் இருந்தது.